விரதக்காரிக்கு ஒரு கேக்

புரட்டாசி மூன்றாம் சனி, இரவு.

நாத்தனார் கோப்பெங்கிலிருந்து வந்திருந்தாள். அவள் விரதத்துக்காகவே முட்டை சேர்க்காமல், தயிர் ஊற்றி, அன்னாசியும் பலாவும் போட்டு கேக் செய்திருந்தேன். நல்ல மெத்தென்று வந்திருந்தது. முட்டை இல்லை என்று நான் சொல்வதற்குள் எல்லார் முன்னாலும் தட்டைத் தள்ளிவிட்டாள்.

"முட்டை போடாம இவ்ளோ மெத்துனு வராது லா. புரட்டாசில கூட உனக்கு அக்கறை இல்லையாம்மா?"

தட்டை எடுத்துக்கொண்டு போய் அடுப்படியில் வைத்தேன். என் வீட்டுக்காரர் டிவியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை, மகாராஜா.

கிளம்பும்போது, "பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் தப்பாவ் பண்ணிக் குடு, எடுத்துட்டுப் போறேன்" என்றாள். டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். அவள் மறந்துவிட்ட குடையோடு கார்வரை ஓடினால், டப்பா திறந்திருக்கிறது. அம்மாளுக்கு வாய் நிறையக் கேக். என்னைக் கண்டதும் மெல்லுவதை நிறுத்தினாள்.

முட்டையே இல்லை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அடுத்த சனி பெருமாள் முன்னால் நின்று நன்றாகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளட்டும்.