தவிட்டுப் புட்டு

1943 மார்ச் 14

தோட்டத்து ரேஷன் அரிசி இந்த முறையும் பாதிதான். பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரம்மாவிடம் என் கல்யாணச் சேலையைக் கொடுத்து நெல் வாங்கி வந்தேன். குத்திப் புடைத்ததில் வெள்ளை அரிசி என் வீட்டுக்காரருக்கு. காடு வெட்டுகிற உடம்பு, குறை வைக்கக் கூடாது. குருணையும் தவிடும் எனக்கும் மகள் செல்லத்துக்கும். தவிட்டை வறுத்து மரவள்ளி மாவோடு பிசிறிப் புட்டு அவித்தேன். செல்லம் முகத்தைச் சுளித்தாள். பசி வந்ததும் சுளிப்பு போய்விட்டது. உமியைத் தவிர எதையும் வெளியே கொட்டவில்லை. எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

ஏப்ரல் 2

அவர் கால் வீங்கியிருக்கிறது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது.

ஏப்ரல் 9

பக்கத்து வீட்டு மயிலம்மாளின் புருஷன் சன்னாசி அண்ணனுக்கும் அதே வீக்கம். "ஒனக்கு மட்டும் ஒண்ணும் ஆவலியேடி, பஞ்சாலை! ஒளிச்சு வச்சுத் திங்கிறியா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. நானா ஒளித்துத் தின்கிறேன்? அவர் தின்னாததைத்தானே தின்கிறேன் —

அவர் தின்னாததைத்தான் நானும் செல்லமும் தின்கிறோம். எங்கள் கால் வீங்கவில்லை. அப்படியானால் அரிசியின் சத்தையெல்லாம் நாங்கள் வைத்துக்கொண்டு, சக்கையை அவருக்குப் போட்டிருக்கிறேனா? அதுவும் பாசமாக!

ஏப்ரல் 11

இன்று அவருக்கும் தவிட்டுப் புட்டு வைத்தேன். "என்னா, என்னைய கோழின்னு நெனச்சியா?" தட்டைத் தள்ளிவிட்டார்.

"கோழிக்குக் கால் வீங்கலியே" என்றேன். செல்லம் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். பிறகு தின்றார்.

ஏப்ரல் 28

வீக்கம் வடிகிறது. மயிலம்மாளுக்கும் தவிடு கொடுத்துப் பக்குவம் சொன்னேன்.

மே 16

சன்னாசி அண்ணன் விறகு பிளக்கிறார். மயிலம்மாள் லயத்து வீடுகள் முழுக்க என் புகழ் பாடுகிறாள். வெட்கமாக இருந்தது, பிடித்தும் இருந்தது.

மே 18

வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து சொன்னார். சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுக்க ஜப்பான்காரன் லாரி அடுத்த மாதம் வருகிறதாம். வீட்டுக்கு ஓர் ஆண். "நடக்க முடியாதவன் மட்டும் இருந்துக்கலாம்" என்றார். ஏற்கெனவே போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை.

அவர் நன்றாக நடக்கிறார். நடக்க வைத்தது நான்.

மே 19

புட்டு அவிக்கவில்லை. "தவிடு தீந்துபோச்சு" என்றேன். பானையில் பாதி இருக்கிறது. வெள்ளைச் சோறு போட்டேன். "இன்னைக்கு என்னா விருந்தா?" என்று சந்தோஷமாகத் தின்றார். கட்டினவள் செய்வாளா இதை? செய்வாள். சயாம் என்றால் செய்வாள்.

மே 24

அவர் காட்டுக்குப் போயிருந்தபோது மயிலம்மாள் தவிடு கேட்டு வந்தாள்.

தவிட்டை நிறுத்து, கால் வீங்கட்டும் என்று சொல்லிவிடலாமா? சொன்னால் அவள் வாய் சும்மா இருக்காது, மண்டோர் காதுக்குப் போய்விடும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கால் வீங்கினால் ஜப்பான்காரன் நம்புவானா? இல்லை என்று அனுப்பினால் ஏன் என்று கேட்பாளே — இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பானையிலிருந்து அள்ளிக் கொடுத்தேன். நிறையவே கொடுத்தேன்.

ஜூன் 12

லாரி வந்தது. அவர் காலை அழுத்திப் பார்த்து ஒதுக்கிவிட்டார்கள். சன்னாசி அண்ணன் ஏறினார்.

ஜூன் 13

அவருக்கு மூச்சு வாங்குகிறது. ரொம்பவும் விட்டுவிட்டேனோ? தவிட்டை வறுத்தேன். அடுத்த லாரி வந்தால் வரட்டும், முதலில் ஆள் பிழைக்க வேண்டும்.

ஜூலை 8

மூச்சு சீராகிவிட்டது. முருகா.

இன்று மயிலம்மாள் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "வீங்குன காலோட போயிருந்தா அவரு வழியிலயே சுருண்டிருப்பாரு. நீதான் தேத்தி அனுப்புனே, தாயி" என்று அழுதாள். நானும் அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

இனி எங்கள் வீட்டிலேயே சாப்பிடு என்றேன். முதல் தட்டை அவள் முன்னால் வைத்தேன். எப்போதும் அவருக்குத்தான் முதலில் போடுவேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் அடுத்த தட்டை எடுத்தேன்.