பாதிக் கூரைக்கு அனுமதி இல்லை

என் ஆசை அப்பாவுக்கு,

நம் வீட்டு ஓடுகளை இறக்கிவிட்டுக் கான்கிரீட் தளம் போடப் போகிறேன். அங்கிருந்தே திட்டாதீர்கள், முழுதாகக் கேளுங்கள்.

நீங்கள் போன பிறகு, நமக்கும் சித்தப்பா வீட்டுக்கும் பொதுவான நடுச்சுவர் ஓரத்து ஒழுகல் அதிகமாகிவிட்டது. அண்டா, குண்டான், பால் தூக்கு என்று கிடைத்ததையெல்லாம் வைத்துப் பார்த்தோம். உத்திரத்தைக் கரையான் தின்றுவிட்டது. ஓசூரிலிருந்து வந்த தம்பி அண்ணாந்து பார்த்தான். அடுத்த மழைக்குள் அம்மாவை ஓசூருக்கே கூட்டிக்கொண்டு போகிறேன், இந்த வீட்டைப் பூட்டிவிடலாம் என்றான். அம்மா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவளை அவள் வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்று நான் முடிவு செய்தது அப்போதுதான்.

தளம் போட வேண்டுமென்றால் பேரூராட்சியில் அனுமதி வாங்க வேண்டும். பிளான் போடுகிற இன்ஜினியரைப் பிடித்து, நம் பக்கத்துக்கு மட்டும் வரையச் சொல்லி விண்ணப்பித்தேன். திரும்பி வந்துவிட்டது. நேரே ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த பெண் பிளானை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"ஒரே முகடுங்க மேடம். பாதிக் கூரைய மட்டும் பிரிச்சா மீதி எதுமேல நிக்குமுங்க? அந்தப் பக்கத்து வூட்டுக்காரங்களும் கையெழுத்து போட்டாத்தாங்க ஆகும்."

அவள் கேட்டதில் தப்பே இல்லை. தப்பு அண்ணன் தம்பி உங்கள் இரண்டு பேருடையது. பாகம் பிரித்தபோது கிழக்குச் சரிவு உங்களுக்கு, மேற்குச் சரிவு சித்தப்பாவுக்கு என்று பேசி முடித்தீர்கள். முகட்டு ஓடு யாருக்கு? அதை யாருமே கேட்கவில்லை. வருஷா வருஷம் நீங்கள் உங்கள் சரிவில் ஓடு மாற்றினீர்கள், அவர் தன் சரிவில் மாற்றினார். முகட்டில் மட்டும் இருவரும் கை வைக்கவில்லை. அங்கே இறங்கிய தண்ணீர் இரண்டு வீட்டுக்கும் பாரபட்சம் பார்க்காமல் ஒழுகியது. நல்ல பாகப்பிரிவினை போங்கள்.

உங்கள் சாவுக்குக்கூட வாசலோடு நின்றுவிட்டுப் போனவர் சித்தப்பா. ஆனாலும் போனேன். முதல் நாள் பிளானைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். மறுபடியும் போனேன். அவர் வியாபாரம் செய்கிற மண்டிக்கே போய், தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே எல்லாரும் பார்க்க நின்றேன். அப்போதும் முகம் கொடுக்கவில்லை. விடுவேனா? உங்கள் பிடிவாதம் எனக்கு வராமல் எங்கே போகும்?

ஒரு காலை, மழை பிடித்துக்கொண்ட நேரமாகப் பார்த்துப் போனேன். அவர் வீட்டிலும் நடுச்சுவர் ஓரம் ஓர் அண்டா. சொட்டு விழுவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சித்தி கொடுத்த டீ ஆறிப்போன பிறகு அவரே ஆரம்பித்தார்.

"ஒரு மழைக்கு எங்கண்ணன் ஏணி போட்டு முகட்டுக்கு ஏறுனாரு கண்ணு. யாரக் கேட்டு ஏறுறன்னு கீழ நின்னு கேட்டுட்டேன். ஒண்ணும் பேசாம எறங்கிட்டாரு. அப்புறம் அவரும் ஏறல, நானும் ஏறல."

இதை ஏன் எங்களிடம் சொல்லவே இல்லை, அப்பா? அன்று ஒரு வார்த்தை பதில் பேசியிருந்தால்தான் என்ன?

உங்களுக்குப் பதிலாக நான் பேசினேன்.

"இப்ப உங்களக் கேட்டுத்தான் ஏறுறேன் சித்தப்பா. ஏறட்டுங்களா?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேனா கேட்டார்.

பிளானை மாற்றி, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே தளமாக, இரண்டு பேர் பெயரிலும் விண்ணப்பித்தோம். போன வாரம் அனுமதி வந்துவிட்டது. அம்மாவிடம் காட்டினேன். "அந்த ஓசூர்க்காரனுக்குப் போன் போடு. நான் எங்கியும் வரலன்னு சொல்லு" என்றாள். அன்று இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

வருகிற திங்கட்கிழமை ஓடு இறக்குகிறோம். முகட்டு ஓட்டில் முதலில் நான்தான் கை வைப்பேன் என்று சித்தப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார். நீங்கள் இறங்கி வந்த அந்த ஏணியையே போடுகிறேன். புதுத் தளத்துக்கு நடுவில், யார் வந்து சொன்னாலும், ஒரு வரிசைச் செங்கல்கூட வைக்க விடமாட்டேன். இது உங்கள் மேல் ஆணை.

ஏணியைக் கீழே நின்று பிடித்துக்கொள்ளப் போகிற,
உங்கள் மூத்த மகள்
மங்கை