வைக்கோலுக்கு அடியில்

சாசெல், மிச்சிகன்
நவம்பர் 18, 1968

அன்புள்ள லெம்பி,

நான் நலம். டெட்ராய்ட்டில் நீயும் உன் அக்கா சாய்மாவும் நலமா? இங்கே நிலம் குளிரில் உறைந்து இறுகிவிட்டது. ஸ்ட்ராபெரிப் பாத்திகளுக்கு வைக்கோல் போர்த்திவிட்டேன். நீ இருந்தால், "இன்னும் ரெண்டு கை போடேன், கஞ்சப் பிசினாறி" என்றிருப்பாய். அதனால் கூடுதலாகவே போட்டேன். நான் போடும் காபி வாயில் வைக்க வழங்கவில்லை. எப்போது வருவாய்?

உன் ரெய்னோ

டெட்ராய்ட்
ஏப்ரல் 7, 1969

அன்புள்ள ரெய்னோ,

மாடு, பனி, காபி எல்லாம் எழுதுகிறாய். நம் மகன் பெயரை மட்டும் எழுதுவதில்லை. ஏரியில் பனிக்கட்டி உடைந்து அவன் போன பிறகு, "இனிமே இந்த வீட்ல அவன் பேச்சு வேணாம்" என்றாய். அவனைப் பற்றிப் பேச முடியாமல்தான் கிளம்பி வந்தேன். உன்மேல் கோபமில்லை.

மே முதல் வாரம் வருகிறேன். வைக்கோலை நான் வந்து எடுக்கிறேன். நீ ஓர் அவசரக்குடுக்கை. ஒரு வருடம் சீக்கிரம் எடுத்துப் பூவெல்லாம் உறைபனியில் கருகியது மறந்துவிட்டதா? அதற்குள் அவனைப் பற்றி ஒரே ஒரு வரி எழுது.

லெம்பி

சாசெல்
ஏப்ரல் 20, 1969

அன்புள்ள லெம்பி,

உன் கடிதம் கண்டு வயிறு நிறைந்தது. வைக்கோலைத் தொடமாட்டேன், சத்தியம். சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது. சவுனா நீராவிக் குளியல் அறைக்குப் புது விறகு பிளந்துவைத்திருக்கிறேன். மற்றவை நேரில்.

உன் ரெய்னோ

சாசெல்
ஜூன் 1, 1969

லெம்பி,

மே மாதம் முழுக்கப் பேருந்து வரும்போதெல்லாம் போய் நின்றேன். பக்கத்துத் தோட்டக்காரன் தோய்வோ வேலியோரம் நின்று கத்தினான்: "டேய், வைக்கோலை எடுடா! செடி வெளிச்சமில்லாம சாகுது. பொண்டாட்டி வந்துதான் எடுக்கணுமா?" ஆமாம் என்றேன்.

நேற்று எடுத்தேன். இலைகள் வெளுத்து, குருத்து அழுகிக் கிடந்தன. அங்கேயே உட்கார்ந்து அழுதேன், செடிக்காக இல்லை. ஒன்னி. நம் ஒன்னி. பழம் பறிக்கும்போது கூடைக்குப் போனதைவிட அவன் வாய்க்குப் போனதுதான் அதிகம். "கூடையில ஓட்டைப்பா" என்பான். அவன் பெயரைச் சொன்னால் அழுகையை நிறுத்த முடியாமல் போய்விடும் என்று பயந்தேன், லெம்பி. இப்போது நிறுத்த முடியவில்லைதான். வந்துவிடு.

ரெய்னோ

டெட்ராய்ட்
ஜூன் 9, 1969

அன்புள்ள ரெய்னோ,

பெட்டியோடு பேருந்து நிலையம் வரை போனேன். அங்கே உன் ஏப்ரல் கடிதத்தை மறுபடி படித்தேன். அதில் கன்றுக்குட்டி இருந்தது, அவன் இல்லை. திரும்பிவிட்டேன். உனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது வந்த உன் கடிதத்தைச் சாய்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். ஓட்டைக் கூடைக்குச் சிரித்தோம், பிறகு அழுதோம். இங்கே அவனைப் பற்றித் தினமும் பேச ஆளிருக்கிறது. அதை விட்டு வர எனக்குத் தெம்பில்லை, ரெய்னோ.

புது நாற்று வை. முதல் வருடம் வரும் பூவைக் கிள்ளிவிடு. மனசு கேட்காது, ஆனாலும் கிள்ளு, அப்போதுதான் வேர் பிடிக்கும். அடுத்த வருடம் பனி போனதும் வைக்கோலை நீயே எடுத்துவிடு. எனக்காக விட்டுவைக்காதே.

லெம்பி