சத்தம் போட பவி இல்லை

பிப்ரவரி 4, புதன்

பனி. சைக்கிள் சீட்டைத் துடைத்ததில் துப்பட்டா நனைந்துபோச்சு. அறிவியல் ரெக்கார்டில் மூன்று படம் பாக்கி. இன்று இதயம் வரைந்தேன். மாங்காய் போல வந்திருக்கிறது.

அப்பா கள்ளக்குறிச்சி மண்டியில் மூட்டை இறக்கிவிட்டு வரும்போது பஸ் ஸ்டாண்டு கடையில் இந்த மாத ‘சூறை சுகந்தி’ படக்கதை வாங்கிவந்தார். அட்டையில் கிணறு. பின்னட்டையில் சோப்பு விளம்பரம்.

திறக்கவில்லை. பவி வரட்டும். நாங்கள் படிக்கும் முறையே வேறு. சாப்பாட்டு மணி அடித்ததும் சைக்கிள் ஸ்டாண்டு பின்னால் போய் உட்காருவோம். வசனம் எல்லாம் நான். சுகந்தி, வில்லன், போலீஸ், டீக்கடைக்காரர் எல்லாரும் நானே. விர்ர்ர், தடால், க்ரீச் எல்லாம் பவி. நானே சத்தமும் போட்டால் வயிற்றுவலிக்காரி முனகுவது போல இருக்கும்.

பொங்கலுக்கு மலைமேல் ஊருக்குப் போனவள் இன்னும் ஹாஸ்டலுக்குத் திரும்பவில்லை. வழக்கமாக ரெண்டு நாள் லேட். இவ்வளவு ஆனதில்லை.

அம்மா அட்டையைப் பார்த்து, “யாருடி அந்த சுகந்தி?” என்றாள். பிளஸ் ஒன் படிக்கிற பொண்ணு, மூச்சை அடக்கினால் காற்று அவள் சொன்னபடி கேட்கும், விட்டால் நின்றுவிடும், அவள் வீட்டில் ஒருத்தருக்கும் இது தெரியாது என்று சொன்னேன்.

“நான் மூச்ச அடக்கினா வாயுதான் புடிக்கும்.”

பிப். 7, சனி

துணி துவைத்தேன். நல்ல வெயில். பவி போன், அவள் அம்மா நம்பரிலிருந்து.

“எங்கடி கீற?”

“குடகுல. மிளகு எஸ்டேட்டு. லைன் வூட்டுல தங்கிக்கினு இருக்கோம்.”

லைன் என்றால் எஸ்டேட்டில் கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட வீடுகள். வருஷா வருஷம் அவள் அம்மா அப்பா மிளகு பறிக்கப் போவார்கள். இவள் ஹாஸ்டலில் இருப்பாள். இந்த வருஷம் தம்பிக்கு நடை வந்துவிட்டது. போன வருஷம் தூளியில் போட்டால் கிடந்தான். “இப்ப வுட்டா ஓடறான்டி. யாரு பாத்துப்பா?”

வகுப்பைப் பற்றிக் கேட்கவில்லை. “புக்கு வந்துச்சா?” என்றுதான் கேட்டாள்.

போனிலேயே படித்தோம். படத்தைப் பார்க்காமலே சத்தம் போடுகிறாள். சுகந்தி கதவை உதைக்கிறாள் என்றேன், “தடால்” என்றாள். புத்தகத்தில் ‘டமால்’ என்று போட்டிருந்தது. தடால்தான் சரி.

கடைசிப் பக்கம்: கரும்புகையான் (அவன்தான் வில்லன்) சுகந்தியின் காலில் கல்லைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டான். அப்புறம் வெறும் குமிழி. பவி “குளுக்” என்றாள். அவள் தம்பியும் “குளுக்” என்றான். தொடரும்.

“செத்துட்டாளா?”

“எனக்கு இன்னாடி தெரியும். ஒரு மாசம் இரு.”

அம்மா போனில் சார்ஜ் போச்சு. திட்டு.

பிப். 19, வியாழன்

கணக்கு டெஸ்ட். சுமார்.

கிளாஸ் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, “உன் ஜோடி எங்க? ஆண்டுத் தேர்வு எழுதலன்னா மறுபடியும் ஒன்பதாவதுதான், சொல்லி வை” என்றார். சாயந்தரம் ஹாஸ்டல் பக்கம் போனேன். பவி பெட்டியைக் கட்டிலடியிலிருந்து எடுத்து ஸ்டோர் ரூமில் வைக்கட்டுமா என்று வார்டன் அக்கா கேட்டார். வேண்டாம் அக்கா, வந்துடுவா என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

போன வருஷம் செல்வியும் இப்படித்தான். முதலில் பெட்டி ஸ்டோர் ரூமுக்குப் போச்சு. பிறகு சித்தப்பா ஒருத்தர் வந்து மலை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். அவ்வளவுதான் செல்வி. எனக்குப் பயமாக இருக்கிறது.

செய்ய வேண்டியது:
ரெக்கார்டு (இன்னும் ரெண்டு)
கணக்கு நோட்டு, பவிக்கும் சேர்த்து
பேன் சீப்பு வாங்க

மார்ச் 5, வியாழன்

சங்கராபுரம் முழுக்க கரண்ட் இல்லை. அடுத்த இதழ் வந்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்தேன். சுகந்தி என்ன ஆனாள் என்று தெரியும். இதில் எழுத மாட்டேன். எழுதினால் வாயிலும் வந்துவிடும்.

ஏழு மணிக்கு பவி.

“சொல்லுடி. செத்துட்டாளா இல்லயா?”

சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் தோன்றியது.

“வந்து படிச்சிக்கோ.”

“வெளாடாதடி.”

“வெளாடல. வந்தா புக்கு. வரலன்னா இல்ல.”

போனை வைத்துவிட்டாள்.

அம்மா கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். “அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்? அதுவா போச்சி? கூட்டிக்கினு போனாங்க, போச்சி.” அம்மா சொன்னது சரி. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

மார்ச் 8, ஞாயிறு

சொன்னது சொன்னதுதான் என்று எழுதி வைத்திருக்கிறேன். பெரிய இவள். மூன்று தடவை போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். சொல்லித் தொலைத்திருக்கலாம். வராதவளுக்குக் கதையும் இல்லை என்று ஆக்கிவிட்டேன்.

கருவாட்டுக் குழம்பு. சாப்பிடப் பிடிக்கவில்லை. ரெண்டு தடவை போட்டுக்கொண்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

பவி அம்மா பேசினார். அந்த நம்பரைப் பார்த்ததும் திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“தேனுதானே? நான் பவி அம்மா. சிக்னலே கெடைக்கல, இப்பதான் லைன் வாசல்ல கெடைச்சிது, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். ஏம்மா, அந்தப் பொண்ணு கெணத்துல வுழுந்துச்சே, பொழச்சிதா இல்லயா?”

இதைக் கேட்கவா கூப்பிட்டார்!

விஷயம் இதுதான். வேலை முடிந்து எல்லாரும் அடுப்பு மூட்டும்போது பவி கதை சொல்வாளாம். முதல் இதழிலிருந்து, சத்தத்தோடு. பக்கத்து லைனிலிருந்தும் வந்து உட்காருகிறார்களாம். “பாதிப் பேரு செத்துட்டான்றாங்க, பாதிப் பேரு இல்லன்றாங்க. மெளகு பறிக்கிற எடத்துலயும் இதே பேச்சி. கேட்டுச் சொல்லுன்னு என்னப் புடுங்கறாங்க.”

நான் சொன்னேன்: “அவள அனுப்புங்கம்மா. படிச்சிட்டு அவளே போன்ல உங்களுக்குச் சொல்லட்டும். நான் சொன்னா சத்தம் வராது. பரீட்சையும் வருது.”

“தம்பிய யாரு பாத்துக்கிறது?”

அந்தப் பக்கம் பின்னால் ஒரு பெண் குரல்: “பையன நாங்க மாத்தி மாத்திப் பாத்துக்கிறோம். பொண்ண அனுப்பு, அது சத்தம் போட்டாதான் நல்லாருக்கும்.” இன்னொருத்தர் இருமிக்கொண்டே, “எனக்குக் காலு வீங்கிக் கெடக்கு, நாலு நாளா வூட்டுலதான கீறேன், நான் பாத்துக்க மாட்டனா?”

“இருங்கடி” என்றார் பவி அம்மா. பிறகு என்னிடம், “அவருகிட்ட கேக்கறேன்.” கட்.

மார்ச் 14, சனி

பவி வந்துவிட்டாள். ஊருக்குத் திரும்பிய ஒரு குடும்பத்தோடு அனுப்பியிருக்கிறார்கள். நானும் அப்பாவும் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தோம். கறுத்திருக்கிறாள். கையெல்லாம் மிளகு வாசனை.

“புக்கு எங்கடி?” சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, தும்மல் மாதிரி சமாளித்தேன். மிளகுதான் இருக்கே.

நாளைக்கு லைனில் எல்லாருக்கும் லீவு, அப்போது படிக்கலாம் என்று சொல்லிவிட்டேன். முறைத்தாள்.

அவள் அப்பா சொல்லி அனுப்பியது: பரீட்சை முடிந்த மறுநாளே பெட்டியோடு கிளம்பி வந்துவிட வேண்டும். பத்தாவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

எங்கள் வீட்டில் படித்தோம். போனைச் சொம்பில் சாய்த்து வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். அந்தப் பக்கம் சந்தை மாதிரி இரைச்சல். யாரோ, “ஏய், சும்மா இருங்க” என்றதும் அடங்கியது.

சுகந்தி அடியில் கிடக்கிறாள். கால் கட்டு. மேலே கரும்புகையான் சிரிக்கிறான் (நான் சிரித்தேன், அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்). தண்ணீருக்குள் மூச்சை அடக்கித்தானே ஆக வேண்டும். அடக்கினால்? காற்று. கிணற்றுக்குள்ளேயே சூறை. பவி ஆரம்பித்தாள், அடித்தொண்டையிலிருந்து, விர்ர்ர்ர் என்று. தண்ணீர் சுழன்று சுகந்தியைத் தூக்கி வெளியே போட்டது. “தடால்!”

போனில் ஒருத்தர், “நான் சொன்னேன்ல, சொன்னேன்ல” என்று கத்தினார். அம்மா கரண்டியோடு வந்து நின்றுவிட்டாள்.

கடைசிப் பக்கம். சுகந்தி ஈரத்தோடு நிமிர்ந்து பார்க்கிறாள். கிணற்று மேட்டில் அவள் அம்மா. எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். தொடரும்.

பிறகு பவி அம்மா மெதுவாக, “அந்தம்மா இன்னா சொல்லுச்சி?”

“தெரியலம்மா. தொடரும்னு போட்டுட்டான்.”

“அடுத்தது எப்ப?”

“ஏப்ரல்ல. மாசா மாசம் வரும்.”

“எப்பதான் முடியும்?”

“முடியற மாதிரி தெரியலம்மா.”

அந்தப் பக்கம் ஏதோ பேசிக்கொண்டார்கள். காதில் விழவில்லை. இருமல்காரப் பெண் ஏதோ அதட்டினார். அப்புறம் ஓர் ஆண் குரல், பவி அப்பா. இதுவரை அவர் என்னிடம் பேசியதே இல்லை.

“ஏம்மா, ஜூன்ல பத்தாவது தொறந்துடுவாங்கல்ல?”

“ஆமாங்க.”

“அப்போ பெட்டி ஆஸ்டல்லயே இருக்கட்டும்.”

வைத்துவிட்டார். நான் பவியைப் பார்த்தேன். எல்லாச் சத்தமும் போடுகிறவள், ஒரு சத்தமும் போடவில்லை.