சாமிக்கு ஏழு, போனுக்கு நாலு

ஆவணி 9, வியாழன்
காலையிலிருந்தே மலை தெரியவில்லை. மூட்டம். தயிர் உறையவில்லை.
மதியம் எங்கள் ஏலத்தோட்டத்திலிருந்து போன். காய் உலர்த்தும் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் முருகேசன். மனைவி பாண்டியம்மாவுக்கு ஒன்பதாம் மாதம், வலி என்றான். அவன் பேச்சு எனக்குத் தெளிவு. என் பேச்சு அவனுக்குப் போகவில்லை. "அக்கா, இருக்கீகளா? அக்கா!" வைத்துவிட்டான். இவர் ஜீப்பை எடுத்துப் போனார். சூட்டு வலிதான், நின்றுவிட்டது. கீழே வந்து இரு என்றால் பாண்டியம்மா கேட்கவில்லையாம்.
அங்கே டவர் கிடையாது. நம் மொட்டைமாடி டிஷ் வழியாக மேலே தோட்டத்துக்குப் போகும் வீட்டு நெட்டுதான் எல்லாம். நிஜ வலி வந்தால்?

ஆவணி 10, வெள்ளி
பூஜை முடித்து, நெட்டைப் பிரித்து அனுப்பும் சுவிட்சின் அமைப்புப் பக்கத்தைக் கணினியில் திறந்தேன். தவறு என்னுடையது. போன மாதம் வீடியோ பார்த்து நானே போட்டது:
இரண்டாம் போர்ட், தோட்டத்து டிவிக்குப் போகும் கோயில் நேரலை - முன்னுரிமை 7.
மூன்றாம் போர்ட், போன் - 4.
சாமியைக் கீழே வைக்க அன்று மனம் வரவில்லை. ஏழாம் வரிசை காலியானால்தான் நாலாம் வரிசை நகரும். நேரலை எப்போது காலியாகும்?
இவரிடம் சொன்னேன். "டிவியக் கழட்டு, சோலி முடிஞ்சது."
"காயெடுக்குற பொம்பளைக சோறு திங்கயில பாக்குறது அது ஒண்ணுதாங்க."
"அப்ப சாமியவே ஜீப்பு ஓட்டச் சொல்லு." சிரிப்பு வேறு.
போன் 7. சாமி 4. கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.
சோதனை. போனில் ஒன்று முதல் ஐம்பது வரை எண்ணினேன். முருகேசன் கேட்டதையெல்லாம் கரியால் சுவரில் கோடு போட்டான். ஐம்பது கோடு.

ஆவணி 11, சனி
மறுபடி மூட்டம். மறுபடி எண்ணினேன். முப்பத்தொரு கோடுதான்.
யோசித்து யோசித்துப் பிடிபட்டது. மூட்டத்தில் டிஷ்ஷின் வழி குறுகுகிறது. நானோ மலைக்குப் போகும் போர்ட்டில் எட்டு மெகா வேகத்தில் விடுகிறேன். டிஷ்ஷில் போய் முட்டுகிறது. அங்கே யார் முதல் என்று கேட்க ஆளில்லை. மூன்றாகக் குறைத்தேன். இனி நெரிசல் சுவிட்சோடு நிற்கும், முதலில் போன் போகும்.
ஐம்பது!
"போதுங்க்கா, பாண்டியம்மா சிரிச்சே பெத்துருவா போல."
டிவியில் படம் கட்டம் கட்டமாக. பெண்கள் என்னைத் திட்டுகிறார்களாம். திட்டட்டும்.

ஆவணி 14, செவ்வாய்
மழை. மாவாட்டும்போது போன், 11.20. பனிக்குடம் உடைந்துவிட்டது.
"தண்ணி என்ன நெறம்?"
"வெள்ளையாத்தான்க்கா."
"நடக்க விடாத. எடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வை. ஜீப்பு கெளம்பிருச்சு. நீயும் கூட வந்துரு."
"வர்றேங்க்கா."
கேட்டதற்கெல்லாம் பதில்.
விளக்கேற்றி உட்கார்ந்தேன். ஒரு மந்திரமும் நாக்கில் நிற்கவில்லை. மாவு புளித்தே போயிருக்கும்.
3.10. ஆஸ்பத்திரியிலிருந்து இவர் கூப்பிட்டார். உடனே தோட்டத்துக்குப் போட்டேன். பெண்கள் அத்தனை பேரும் போனைச் சுற்றித்தான் இருந்திருக்கிறார்கள். முதல் மணியிலேயே எடுத்தாயிற்று.
"பொண்ணு. ரெண்டே முக்கால் கிலோ. ஆத்தாளும் நல்லாருக்கா."
ஒரே தடவைதான் சொன்னேன். குலவை காதைப் பிளந்தது.