கழற்றுவதும் சேர்த்து ஆயிரத்து இருநூறு

செப். 1, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மழை வருவது போல் போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது. பாகூர்த் தையல் கடையில் முன்பக்கப் பாதி என்னுடையதாகி ஒரு வாரம். மேசை, இரண்டு நாற்காலி, ஜெல் காயவைக்கும் விளக்கு. நகக் கலை சான்றிதழ் சுவரில், கொஞ்சம் கோணல்.

ஒரு வாரமாக ஈ ஓட்டல். விலைப்பலகை பாண்டி பார்லரைப் பார்த்துக் காப்பி அடித்தது: பத்து விரலுக்கும் செயற்கை நகம், முழு செட் 1500, கழற்ற 300 தனி. படித்துவிட்டு ஒருத்தி என் காதுபடவே, "நகத்துக்கா? இந்தக் காசுக்கு மெட்டி வாங்கி மாட்டிக்கலாம்டி."

கோபத்தில் அழித்துவிட்டு 400 என்று எழுதினேன். மதியமே ஆள்! நல்லவாடு மல்லிகா அக்கா, மீன் விற்பவர். அண்ணன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு, அத்தையாக முன்னால் நிற்க வேண்டுமாம். மெரூன், மேலே தங்கப் பொடி. இரண்டரை மணி நேரம். முதுகு விட்டுப்போயிற்று. அக்கா கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டே ஷேர் ஆட்டோ ஏறினார். பெருமையாக இருந்தது. சாமான் செலவைக் கழித்தால் மிச்சம் டீக்காசு.

செப். 5, வெள்ளி

நல்ல மழை. மல்லிகா அக்கா நனைந்துகொண்டே வந்து கையை மேசையில் போட்டார்.

"இன்னாடி தீபா, போடத் தெரியுது, கழட்ட எவ வருவா? செதில்லாம் நகத்துக்குள்ள பூந்துக்குது. மீன் வாங்க வர்றவ என் கையப் பாத்துட்டு மூஞ்ச திருப்பிக்கிறா!"

இரண்டு நகங்களை அரிவாள்மனை முனையால் நெம்பி எடுத்திருக்கிறார். அடியில் அவருடைய சொந்த நகம் உரிந்து ரத்தம். உட்கார வைத்து, மற்றதையெல்லாம் ஊற வைத்து, பொறுமையாக எடுத்து, எண்ணெய் தடவினேன். காசு வாங்கவில்லை. முடியும் வரை திட்டிக்கொண்டே இருந்தவர் எழுந்திருக்கும்போது, "தீவாளிக்கும் போட்டு வுடுவ இல்ல?"

படிக்கும்போது சொன்னார்கள், நகம் மூன்று வாரம் நிற்கும் என்று. இங்கே யாருக்கு வேண்டும் மூன்று வாரம்? மீன், நடவு, கம்பெனி, பாத்திரம். விசேஷம் இரண்டு நாள், அப்புறம் கை வேலைக்குப் போயாக வேண்டும். கழற்றுவதற்குத் தனிக் காசு என்றால் எவளும் வர மாட்டாள், பிய்த்துத்தான் போடுவாள். விலை சேர்த்துத்தான் வைக்க வேண்டும். சாமான், வாடகை, கரண்ட், இரண்டு தடவை என் நேரம்.

புதுப் பலகை: 1200. போட, கழற்ற சேர்த்து. குறைக்க மாட்டேன்.

செப். 6, சனி

கரியமாணிக்கத்து அத்தை வந்திருந்தார், அப்பாவின் தங்கை. மகள் கௌசிக்கு அடுத்த ஞாயிறு கல்யாணம். அம்மா காப்பியோடு வாக்கும் கொடுத்துவிட்டாள்.

"எங்க வூட்டுலயே பொண்ணு இருக்கும்போது காசு இன்னாத்துக்கு? நகம் தீபா போட்டுடுவா."

"சும்மா வேணாம் அண்ணி. மொய்ல கழிச்சிக்கலாம்."

முடிந்தது பேச்சு! என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தப் பக்கம் யார் சொந்தமில்லை? எல்லாருக்கும் மொய்யில் கழித்தால் நான் கடை வாடகையை மொய்யாகவா கட்டுவது?

சொல்லிவிட்டேன். "மொய் தனியா வரும் அத்தை. தாய்மாமன் சீர் அப்பா செய்வாரு. நகம் என் தொழில், ஆயிரத்தி எரநூறு. போட்டோ எடுக்குற மாமாவும் நம்ம சொந்தந்தான, அவருக்கு மொய்லயா கழிக்கிறீங்க?"

அத்தை முகம் சுண்டிவிட்டது. பாதிக் காப்பியோடு கிளம்பிவிட்டார். அம்மா: "மானத்த வாங்கிட்டியேடி! இனிமே எங்கூட பேசாத." குளியலறையில் போய் அழுதேன். ஆனால் விலையை மாற்ற மாட்டேன்.

செப். 11, வியாழன்

வெயில். அம்மா இன்னும் மௌன விரதம். சோற்றுத் தட்டு மட்டும் நங்கென்று பேசுகிறது. வாய்க்கொழுப்பு அதிகமோ என்று எனக்கே சந்தேகம். அத்தை ஞாயிற்றுக்கிழமை என்னைக் கல்யாணத்தில் பார்த்தும் பார்க்காதது போல் போவாரோ.

மாலை கௌசி போன். திருபுவனை கம்பெனியில் பேக்கிங் வேலை அவளுக்கு.

"ஏய், பாண்டில விசாரிச்சேன்டி. போட ரெண்டாயிரமாம், கழட்ட திரும்ப வரணுமாம், அதுக்குத் தனியாவாம். அடுத்த வாரமே எனக்கு டூட்டி. நகம் நீளமா இருந்தா கையுறையே போட முடியாது, உள்ள வுட மாட்டான். நீ கழட்டுறதும் சேத்துதான? என் சம்பளத்துல குடுக்கறேன். அம்மாவ நான் பாத்துக்கறேன் வுடு."

துள்ளிக் குதித்ததில் நாற்காலி விழுந்தது. தையல் கடை அக்கா எட்டிப் பார்த்தார்.

செப். 13, சனி

கௌசிக்கு நகம். கருஞ்சிவப்பு, வெள்ளிக் கோடு, மோதிர விரலில் மட்டும் கல். சாயங்கால வரவேற்பில் போட்டோ மாமா, "கைய முன்னாடி காட்டும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அத்தை என் பக்கம் திரும்பவில்லை.

செப். 14, ஞாயிறு

தாலி கட்டி முடிந்ததும் அத்தை வெற்றிலைத் தட்டோடு நின்று காசு கொடுத்தார். மேளம். சமையல். போட்டோ. பிறகு, "தீபா, எங்கடி போன? வா." தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், ஆயிரத்து இருநூறு.

"எண்ணிக்கோ. அப்பறம் அத்த கொறச்சிட்டான்னு சொல்லாத."

முறைத்துக்கொண்டேதான் சொன்னார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். கண் நிறைந்துவிட்டது. மேளக்காரரும் சமையல்காரரும் வாங்கிய அதே தட்டு!

பந்தியில் கௌசியின் சின்ன மாமியார் விலை கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், எட்டு நாளாக என்னோடு பேசாத அம்மா சாம்பார் வாளியோடு குறுக்கே வந்தாள்.

"ஆயிரத்தி எரநூறு. கழட்டுறதும் சேத்து. சொந்தம்னு சொல்லிக்கினு வராதீங்க, எம்பொண்ணு கொறைக்க மாட்டா."