முப்பத்தெட்டு நிமிடத் துடிப்பு

மார்ச் 4, திங்கள்

இன்று கூட்டத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம்: துப்புரவு அம்மா காலை ஆறே காலுக்குக் காபி மெஷினின் பிளக்கைப் பிடுங்குகிறார்.

சொல்லவில்லை. தண்ணீர் குடித்தேன்.

திரையில் எங்கள் ஈஸ்ட் செல்கள் ஒளிர்ந்துகொண்டிருந்தன. முப்பத்தெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் சேர்ந்து மங்கும், பிறகு பிரகாசமாகும். மூன்று வருடமாக அவற்றைப் படம் பிடிப்பவள் நுண்ணோக்கி அக்கா. அந்தத் துடிப்புக்குச் சமன்பாடு எழுதியவள் நான். செல்லுக்குள் யாரும் இதுவரை பார்க்காத ஒரு கடிகாரம். கட்டுரை பதினைந்தாம் தேதி இதழுக்குப் போகிறது. தினமும் காலை ஆறே காலுக்குத் துடிப்பு நின்று, ஐம்பது நிமிடம் கழித்துப் புதிதாகத் தொடங்குகிறது. அதற்காகச் சமன்பாட்டில் தனியாக ஒரு பகுதி சேர்த்து, ‘விடியல் ஓய்வு’ என்று பெயரும் வைத்தேன். பெயர் வைப்பதில் எனக்கு எப்போதுமே ஆசை அதிகம்.

“ஜன்னலே இல்லாத ரூம். அப்பவும் விடியறது அதுகளுக்குத் தெரியுது பாருங்க,” என்றார் ஆய்வகத்தின் இயக்குநர். அவர் இயற்பியல்காரர், உயிருள்ள எதைப் பார்த்தாலும் உருகிவிடுவார்.

பிளக் விஷயம் எனக்கே இன்று காலைதான் தெரிந்தது. படங்களைச் சரிபார்க்க ஆறு மணிக்கே வந்தேன். நடைவழியில் துப்புரவு அம்மா காபி மெஷினின் பிளக்கைப் பிடுங்கி, தன் தூசி உறிஞ்சியைச் செருகினார். மெஷினுக்குப் பின்னால் இருப்பது நுண்ணோக்கி அறைச் சுவர்.

மார்ச் 5, செவ்வாய்

தற்செயலாக இருக்கலாம். உலகத்தில் ஆறே காலுக்கு ஆயிரம் நடக்கிறது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஓய்வு இல்லை. அதை ‘அளவீட்டுக் கோளாறு’ என்று எழுதித் தூக்கிப்போட்டது நான்தான். துப்புரவு அம்மாவுக்கு ஞாயிறு விடுமுறை.

மார்ச் 6, புதன்

காபி மெஷினுக்கு எதிரே இருக்கும் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். மடியில் தடித்த நாவல், நாவலுக்குள் கைக்கடிகாரம். யாரும் தொடாதபோதும் மெஷின் தானாக உறுமி, தண்ணீரைச் சூடாக்கிக்கொள்கிறது. மூன்று உறுமல்களுக்கு நடுவே இரண்டு இடைவெளி: முப்பத்தெட்டு நிமிடம், முப்பத்தெட்டு நிமிடம்.

உட்கார்ந்திருந்ததில் நாலு பேர் வந்து எனக்கு ஆறுதல் சொன்னார்கள். எதற்கென்று யாரும் கேட்கவில்லை. கணக்குப் பிரிவில் ஒருவர், காதல் போனால் உலகமே போய்விடாது என்றார். இயக்குநருக்கு மட்டும் ஒரே சந்தோஷம். வெவ்வேறு துறைக்காரர்கள் காபிக்கு வந்தால்தான் ஒருவரோடு ஒருவர் பேசுவார்கள் என்று, அந்த மெஷினைத் தேடிப் பிடித்து வாங்கி அங்கே வைத்தவர் அவர். பேச ஆளில்லாமல்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்து, அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனார்.

மார்ச் 8, வெள்ளி

அக்காவிடம் இன்று சொல்லிவிடுவது என்று போனேன்.

போனால், தன் சாப்பாட்டில் பாதியை எனக்கு எடுத்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதியோடு அவள் ஒப்பந்தம் முடிகிறது. கட்டுரை போனால் இன்னும் மூன்று வருடம், போகாவிட்டால் வீட்டுக்கு. “உன் சமன்பாடு இல்லேன்னா இது வெறும் மினுக்குதான்டி. நீதான் இதைக் கடிகாரம் ஆக்கினே,” என்றாள்.

சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. இதைவிடக் கேவலமாக எதையும் இந்த நோட்டில் எழுதியதில்லை.

வந்ததும் அம்மா போனில். “என்னத்தையோ மறைக்கிறே. குரல்லயே தெரியுது.”

“காபி மெஷினைப் பத்தி யோசிச்சிட்டிருக்கேன்மா.”

“அங்க நின்னு காபி குடிக்கிற பையன் யாரு?” என்றாள்.

மார்ச் 11, திங்கள்

நான் செய்தது அயோக்கியத்தனமா, ஆராய்ச்சியா? இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அதில் ஒரு பிளக்.

பத்து மணிக்கு அதைப் பிடுங்கிவிட்டு, ‘பழுது. தொடாதீர்கள்’ என்று பெரிய எழுத்தில் ஒட்டினேன். பத்தரைக்குள் மாடி முழுவதும் துக்க வீடு. கணக்குக்காரர்கள் கும்பலாக வந்து, அறிவிப்பைப் படித்துவிட்டு, நம்பாமல் பொத்தானையும் அமுக்கிப் பார்த்தார்கள். யாருக்குமே பிளக் கண்ணில் படவில்லை. பன்னிரண்டுக்கு இயக்குநர் திருப்புளியோடு வந்து மெஷினின் முதுகைக் கழற்றினார். பன்னிரண்டே காலுக்குப் பிளக்கைக் கண்டுபிடித்தார். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு செருகினார். பிறகு, “சின்ன ரிப்பேர்தான்,” என்று கையைத் துடைத்தார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பத்திலிருந்து பன்னிரண்டே கால் வரை செல்கள் துடிக்கவில்லை. ஒரே ஒரு தடவை கூட.

மார்ச் 12, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

அக்கா குளிர்பெட்டியிலிருந்து ஒரு தட்டை எடுத்தாள். போன வருடம் மருந்து போட்டுக் கொன்று வைத்த ஈஸ்ட். நுண்ணோக்கிக்குக் கீழே வைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் உறுமியது. ஒரே மின்கம்பி, நுண்ணோக்கி விளக்கு துளி மங்கியது. செத்த செல்களெல்லாம் சேர்ந்து மங்கி, சேர்ந்து பிரகாசமாயின. அவ்வளவு ஒழுங்காக உயிருள்ளவை கூடச் செய்ததில்லை.

“செத்தது கூட நேரம் பார்க்குதுடி,” என்றாள்.

செத்தவற்றையும் படம் பிடித்து ஒப்பிட வேண்டும் என்பதுதானே முதல் பாடம்? பிடித்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடம். நடுவில் எப்போதாவது மங்கினால், விளக்கின் தொல்லை என்று அந்தத் துண்டை வெட்டிவிடுவாளாம். “செத்ததை எவ நாள் முழுக்கப் படம் பிடிப்பா, சொல்லு.” சிரிப்பு வந்தது இருவருக்கும். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சிரித்ததாலா? கேட்கவில்லை.

பிறகு கேட்டாள்: “உனக்கு எப்பத் தெரியும்?”

“திங்கட்கிழமை.”

“நேத்தா?”

“இல்லக்கா. போன திங்கட்கிழமை.”

விளக்கை அணைத்தாள். “வெள்ளிக்கிழமை என்கூட உட்கார்ந்து சாப்பிட்டியே,” என்றாள். அவ்வளவுதான். கத்தியிருக்கலாம். ஏன் கத்தவில்லை — கத்தியிருந்தா நானும் ஏதாவது கத்தி முடிச்சிருப்பேனே.

மார்ச் 14, வியாழன்

இயக்குநரிடம் இருவரும் போனோம். சேர்ந்து போனோம் என்று சொல்ல முடியாது. அக்கா இரண்டடி முன்னால் நடந்தாள்.

முழுக்கக் கேட்டார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். “மூணு வருஷமா காபி மெஷினோட நாடியைப் பிடிச்சிட்டு இருந்திருக்கோம்,” என்றார். இன்னும் கொஞ்சம் நின்றுவிட்டு, “திங்கட்கிழமை பிளக்கைப் பிடுங்கினது யாரு?” என்று கேட்டார்.

“நான்தான் சார்.”

“நான்தான் செருகினேன்,” என்றார் மெல்ல. எங்களைப் பார்த்து வாக்குமூலம் கொடுக்கும் குரல்.

கட்டுரை போகவில்லை. ஒப்பந்தத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மார்ச் 29, வெள்ளி

அக்கா மேஜையைக் காலி செய்தாள். எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனாள். என்னிடம் தலையசைத்தாள்.

ஏப்ரல் 17, புதன்

மெஷினைக் கீழ்மாடிக்கு மாற்றினார்கள். என் சமன்பாட்டிலிருந்து கணக்கிட்டு, அடுத்து எப்போது சூடாகும் என்று ஒரு நேர அட்டவணை எழுதி அதன் மேல் ஒட்டினேன். விடியல் ஓய்வு உட்பட. ஒரு நிமிடம் கூடத் தவறவில்லை. இந்தக் கட்டடத்தில் சொன்னது சொன்னபடி பலிக்கும் கணிப்பு இது ஒன்றுதான் என்று கணக்குக்காரர்கள் சொல்கிறார்கள். துப்புரவு அம்மா படித்துவிட்டு, “என் வேலை நேரத்தை எதுக்கு இங்க ஒட்டி வச்சிருக்கே?” என்று கேட்டார்.

அக்காவிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

ஜூன் 3, திங்கள்

ஒன்பது வாரத்துக்குப் பிறகு அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. வேறு ஊர், வேறு ஆய்வகம், பழையதைவிடச் சின்ன வேலை. இன்றுதான் முதல் நாள். படத்தில் யாரும் இல்லை, ஒரு காபி மெஷின் மட்டும். அதன் மேல், அவளுடைய சாய்ந்த கையெழுத்தில்: ‘பழுது. தொடாதீர்கள்.’ பிளக் தரையில் கிடந்தது.

கீழே ஒரு வரி எழுதியிருந்தாள். செத்த செல்களை இருபத்துநாலு மணி நேரம் படம் பிடிக்கிறாளாம்.